யாழ் நூலும் அறிவியல் நோக்கும்

பழம்பெருமையைப் பேசுவது எளிது. அளந்து காட்டுவது அரிது. தமிழிசை வரலாற்றில் அவ்வரிய பணியை மேற்கொண்டவர் விபுலாநந்த அடிகளார் (1892–1947). இலங்கையின் கிழக்கே காரைதீவில் பிறந்த அவர், ஆசிரியப் பயிற்சி பெற்று, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அறிவியல் கற்பித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும் இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டத் தேர்விலும் தேறியவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். இவ்விரு கல்வியும் ஒன்றுகூடிய இடமே 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’.

யாழோ என்றோ வழக்கொழிந்தது. எஞ்சியவை பெரிதும் நூற்சான்றுகளே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகளைச் சிலப்பதிகார உரை வகுக்கின்றது. இதனை மனப்பாடமாக ஒப்பித்தவர் பலர். அடிகளாரோ கணக்கிட்டுப் பார்த்தார். இழுவிசை மாறாத தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே இசை மேல்நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்குரிய இளி பிறக்கும். இவ்வியற்பியல் உண்மையே அவர்தம் உரைகல்.

எனினும், கணக்கு இசைந்துவருவதாலேயே முன்னோர் அவ்வாறு இசைத்தனர் என்று முடிவுகட்டுதல் இயலாது. 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் சிலப்பதிகாரத்தை ஆராய்ந்தவரே. அவர் கண்ட சுருதிகளோ 24. ஆகவே, அறிவியல் பண்பாட்டு வரலாற்றுக்கு அளிக்கும் கொடை ஐயமற்ற முடிபன்று. எவரும் சரிபார்த்து மறுக்கத்தக்க முடிபு. அடிகளார் தம் கணக்கை மறைக்காமல் விரித்துவைத்தமையே அவருடைய பெருமை.

நூலின் குறையும் உண்டு. செறிந்த நடை அறிவியலாரை அச்சுறுத்துகிறது. எண்கள் தமிழறிஞரை விலக்குகின்றன. இரண்டும் அறிந்தோர் சிலரே ஆதலின், போற்றப்படும் அளவுக்கு அந்நூல் சோதிக்கப்படவில்லை.

இக்குறையைக் களையும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நமக்கும் உண்டு. 2003இல் நம் நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது, தமிழ் மொழிப்பாடத்தோடு நின்றுவிடுமோ என்று அஞ்சினோம். அவ்வச்சத்திற்கு மேடை முழக்கம் மருந்தாகாது. ஒரு பலகை, ஒரு கம்பி, ஓர் அளவுகோல் ஆகிய இவை கலும்பாங் வட்டாரத் தோட்டப் பள்ளிக்கும் எட்டாதவையல்ல. இளி பிறக்கும் இடத்தை மாணவன் தன் கையால் அளந்து காணட்டும்; சிலப்பதிகாரமும் அறிவியலும் அவனுக்கு ஒரே பாடமாகும்.