இடுப்பு வலிக்கு நடையா, தசைப் பயிற்சியா?

மூன்று மாதத்துக்கு மேல் விடாத இடுப்பு வலிக்கு இரண்டு யோசனைகள் உடனே வரும். முதுகு, வயிற்றுத் தசைகளைப் பலப்படுத்து என்பது ஒன்று. நட என்பது மற்றொன்று. திருவண்ணாமலையில் இரண்டாவது யோசனைக்கு 14 கிலோமீட்டர் பாதையே இருக்கிறது. கிரிவலம் வந்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பவர்களின் பக்தியைத் தொடாமல், மருத்துவச் சான்றை மட்டும் எடைபோடுகிறேன்.

தசைக் கட்சிக்கு நல்ல அடித்தளம் உண்டு. முதுகுத் தசை சீக்கிரம் களைத்துவிடும் ஆண்களுக்கு முதன்முறை வலி வரும் வாய்ப்பு அதிகம் என்று டென்மார்க்கின் பியரிங்-சோரன்சன் 1984-இல் கண்டார். கையை உயர்த்தும்போது வலிக்காரர்களின் ஆழ் வயிற்றுத் தசை தாமதமாக இயங்குவதை 1996-இல் ஆஸ்திரேலியாவின் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் காட்டினார்கள். ‘கோர்’ பயிற்சி உலகமெங்கும் பரவியதற்கு இது பெரிய காரணம். ஆனால் முதல் ஆய்வு வலி வருமுன் நிலையைச் சொல்கிறது, வந்த வலி எதனால் போகும் என்பதை அல்ல. இரண்டாவதில், தசையின் தாமதம் வலிக்குக் காரணமா விளைவா என்பது தெளிவாகவில்லை.

நேரடிப் போட்டிக்கு நெருக்கமான ஒன்று சூரிச்சில் நடந்தது. மேனியனின் குழு நாள்பட்ட வலியுள்ள 148 பேரை மூன்றாகப் பிரித்தது: தனி பிசியோதெரபி, கருவிகளில் தசைப் பயிற்சி, நடையின் இடத்தில் கூட்டமாகச் செய்யும் ஏரோபிக். மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் மூன்று குழுவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. செலவு மிகக் குறைந்தது ஏரோபிக்தான். இன்னும் முக்கியமாக, வலி குறைந்த அளவுக்கும் தசை பலம் கூடிய அளவுக்கும் பெரிய தொடர்பில்லை என்று 2012-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அப்படியானால் பலத்தையே மருந்தாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

நடைக் கட்சியும் மிகைப்படுத்தக் கூடாது. 2024-இல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில் 701 பேர். பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு நடந்தவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். நல்ல பலன்தான். ஆனால் அவர்கள் வலியிலிருந்து அப்போதுதான் மீண்டவர்கள். ஆண்டுக்கணக்கில் அவதிப்படுபவர்கள் அல்ல. 249 சோதனைகளைத் தொகுத்த 2021-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்விலும், எந்தப் பயிற்சியானாலும் சும்மா இருப்பதைவிட வலி 100-க்குச் சுமார் 15 புள்ளிதான் குறைகிறது. அற்புதம் எதுவுமில்லை.

என் தீர்ப்பு: முதலில் நடை. அது தசைப் பயிற்சியைவிட உயர்ந்தது என்பதால் அல்ல. பலன் ஒத்திருக்கும்போது கருவியும் காசும் கேட்காதது அது என்பதால். ஆனால் மாதம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றுவது சிகிச்சை ஆகாது. அந்த ஆஸ்திரேலிய ஆய்வின் இலக்கு வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம், அதையும் படிப்படியாக. அதே பாதையின் ஒரு துண்டு போதும்.

நாற்று நடக் குனியும் பெண்ணுக்கும், ஆரணியில் தறிக்குழியில் உட்காரும் நெசவாளருக்கும் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்கள் வேலையே முதுகின் தாக்குப்பிடிப்பைக் கேட்கிறது. அவர்களுக்குத் தசைப் பயிற்சியையும் சேர்ப்பேன். ஆனால் “உங்க முதுகு பலவீனம்” என்று சொல்லி அனுப்புவதை முழுமனதோடு எதிர்க்கிறேன். அந்தச் சொல் பயத்தைத் தரும். பயம் ஆளை முடக்கும். கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல் இருந்தால் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்கு, 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வருபவர் ஒரு நடைத் திட்டத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.