ஒற்றைக்கொம்பு வயசு சொல்லுமா?

பழைய தமிழ் எழுத்தில் 'மெல்', 'மேல்' இரண்டுக்கும் ஒரே கொம்புதான். நெடிலுக்கு என்று கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக்கொம்பைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கல்வெட்டுப் படம், சுவடிப் படம், பழைய அச்சுப் பக்கம் எதைத் திறந்தாலும் ஒற்றைக்கொம்பாகவே கண்ணில் படுகிறது.

இப்படிப் புதிதாகத் தெரிந்த ஒன்று எங்கும் இருப்பதாகத் தோன்றுவதற்கு அர்னால்ட் ஸ்விக்கி என்ற மொழியியலாளர் 2005-ல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'அடிக்கடி மாயை' என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணில் பட்டதை எண்ணுகிறோம், படாததை எண்ணுவதில்லை. அவ்ளோதான் விஷயம்.

மாயை மாயையாகவே இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை ஆதாரமாக்கும்போதுதான் சிக்கல். என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஆய்வாளர்கள் எழுதுவதில் இந்த வாதம் திரும்பத் திரும்ப வருகிறது: "ஏட்டில் ஒற்றைக்கொம்பு இருக்கு, ஆகவே வீரமாமுனிவருக்கு முந்தையது, முந்நூறு வருஷப் பழசு." பரணில் கிடந்த வைத்திய ஏட்டுக்கு ஒரே வரியில் நூறு வயசு கூடிவிடுகிறது. அடுத்தவர் அதை மேற்கோள் காட்டிவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

தரங்கம்பாடியை வைத்தே சோதித்துப் பார்ப்போம். கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. அன்றைய கல்வெட்டு எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. 1714-ல் சீகன்பால்கு இதே ஊரில் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோதும் அதே நிலைதான். சரி, இரண்டுமே வீரமாமுனிவரின் சீர்திருத்தத்துக்கு முந்தையவை. வாதம் இன்னும் உடையவில்லை.

உடைவது அடுத்த பக்கத்தில். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் அச்சானதும் தரங்கம்பாடியில்தான். கத்தோலிக்கப் பாதிரியாரின் நூலை லுத்தரன் அச்சகம் போட்டது! ஆனால் நூல் அச்சானதால் ஏடு எழுதுகிறவர்கள் மறுநாளே கையை மாற்றிக்கொள்ளவில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஏடுகளிலும் பழைய வழக்கம் தொடர்ந்தது. ஓலை நம்ம ஊர் வெயிலிலும் ஈரத்திலும் நெடுநாள் தாங்காது என்பதால், இன்று கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுப் படிகள். கொம்பும் சுழியும் வேறுபாடில்லாத ஏடுகளோடு உ.வே.சா. மல்லுக்கட்டியதை நாம் அறிவோம்.

ஆக, முந்தைய ஏட்டிலும் ஒற்றைக்கொம்பு, பிந்தைய ஏட்டிலும் ஒற்றைக்கொம்பு. இரண்டு பக்கமும் இருக்கிற அடையாளம் எதையும் பிரித்துக் காட்டாது. இரட்டைக்கொம்பு இருந்தால் மட்டும் ஒன்று சொல்லலாம்: இது வீரமாமுனிவருக்குப் பிந்தையது. இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும்.

எங்கள் தொழிலில் லாக் ஃபைலில் கிரெப் போட்டால் தேடிய வரிதான் திரையில் வரும். அதைப் பார்த்துவிட்டு "ஃபைல் முழுக்க இதுதான்" என்று சொன்னால் ஜூனியர்கூட சிரிப்பார்.

ஏட்டின் வயதைச் சொல்ல விரும்புகிறவர்கள் முதலில் கடைசி ஓலையைப் பாருங்கள். படி எடுத்தவர் கொல்லம் ஆண்டோ சக ஆண்டோ குறித்திருந்தால் அதிர்ஷ்டம். பிரபவ, விபவ என்று ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், கவனம். பிறகு 1800-க்குப் பின் என்று உறுதியான தேதியுள்ள ஏடுகளை மட்டும் எடுத்து, எத்தனையில் ஒற்றைக்கொம்பு என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை கையில் இல்லாமல் கொம்பைக் காட்டி வயசு சொல்லாதீர்கள்.