‘ஹனீத்’ – பொரித்த கன்றா, சுட்ட கன்றா?

இப்றாஹீம் நபி (அலை) அவர்கள் தம்மிடம் வந்த விருந்தினர்க்குக் கன்றொன்றைச் சமைத்துக் கொணர்ந்த செய்தி, திருமறையின் ஹூது அத்தியாயத்தில் (11:69) வருகின்றது. அக்கன்றைக் குறிக்கும் அடைமொழி ‘ஹனீத்’. இதனைப் ‘பொரித்த கன்று’ எனத் தமிழாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை.

இறைச்சியைப் பொரித்தல் என்றதும் நம் வீட்டாரின் கண்முன் நிற்பது எண்ணெய்ச் சட்டி. ஹனீதில் எண்ணெயுமில்லை, சட்டியுமில்லை. இமாம் ராகிப் இஸ்பஹானீ அவர்கள் தம் ‘முஃப்ரதாத்’ நூலில், இரு கற்களுக்கிடையே வைத்துச் சுடப்பட்டது என்று இதற்குப் பொருள் கூறுகின்றார்கள். அத்துடன் நில்லாது, குதிரையை ஒன்றிரண்டு சுற்று ஓடவிட்டு, நன்கு வியர்க்கும்படி துணி போர்த்துவதற்கும் அரபிகள் இதே வினையை ஆண்டதை எடுத்துக்காட்டுகின்றார்கள். குதிரைக்கு வியர்வை வழிவதுபோல் இறைச்சியின் பிசுக்கு வழிந்திறங்க வேண்டும். அதற்காகவே அவ்வாறு சுடுவது. இதே விருந்தை உரைக்கும் மற்றோர் இடத்தில் (51:26) அது கொழுத்த கன்று என வருவதையும் சேர்த்துப் பாருங்கள். சொல் எத்துணைப் பொருத்தமாக அமர்ந்திருக்கின்றது! யமன் நாட்டில் இன்றும் ‘ஹனீத்’ என்ற பெயரில் ஆட்டிறைச்சி சமைக்கப்படுகின்றது. அங்கும் வேலை செய்வது அடுப்பின் அனலே.

ஆகவே ‘சுட்ட கன்று’ என்பதே நேரிய தமிழ். பாட்டி வடை சுட்ட கதையை நினைவூட்டி, சுடுதலிலும் எண்ணெய் உண்டே எனச் சிலர் கேட்கலாம். உண்டுதான். சுடுதல் அகன்ற சொல். கிழங்கையும் தோசையையும் வடையையும் அது தாங்கும். இறைச்சியோடு சேர்ந்த பொரித்தலுக்கு அந்த இடமில்லை. கன்றைச் ‘சூடான கற்களில் சுட்டு’ என விரித்தெழுதினால் ஐயத்துக்கே இடமிராது.

ஆனால் எரிக்கும் வினை எதுவாயினும் ‘சுடுதல்’ என்று எழுதிவிட்டு அமைவதும் தகாது. கஹ்ஃபு அத்தியாயத்தில் (18:29) அநியாயக்காரர்களின் முகங்களைச் சுடும் பானம் பேசப்படுகின்றது. அங்குள்ள வினை, இறைச்சி சுடுவதற்கு அரபிகள் வழங்கும் அதே வினை. அடுக்களைச் சொல் முகத்தின்மேல் வந்து விழுவதில்தான் அச்சமே இருக்கின்றது; ‘பொசுக்கும்’ என மாற்றினால் அது போய்விடும். தவ்பா அத்தியாயத்தில் (9:35) நிலை வேறு. சேர்த்து வைத்த பொன்னும் வெள்ளியும் காய்ச்சப்பட்டு, நெற்றியிலும் விலாவிலும் முதுகிலும் இடப்படும் என்கின்ற இடம் அது. அங்குள்ள ‘கய்யு’ சமையல் சொல்லன்று. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் உடலில் தழும்பிடும் வைத்தியத்துக்குரிய சொல். மாட்டுக்குச் ‘சூடு போடுவது’ என்று நம் ஊரார் சொல்வது இதைத்தான். சுடுதலின் வேரிலிருந்தே கிளைத்து, தழும்பையும் உடன்கொண்டு வரும் இச்சொல்லே அவ்விடத்துக்கு ஏற்றது.