விரலின் மாத்திரை

சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அதற்கும் அப்பால் சேர்வராயன் மலையின் மடிப்புகளுக்குள் சென்றால் வருகிற வாழவந்தியில், மார்கழிப் பனி இன்னும் விலகாத ஒரு காலைப்பொழுதில், காப்பிப் பழம் பறிக்கும் பெண்களின் விரல்களை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மிளகுக்கொடி சுற்றிய நிழல் மரங்களின் கீழே, சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழுமாக ஊன்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, தாழ்ந்த கிளைக்குக் குனிந்தும் உயர்ந்த கிளைக்கு எட்டியும் நாள் முழுவதும் அவர்கள் செய்கிற அந்த வேலையில், பழுத்த கனி விரல் பட்ட மாத்திரத்தில் கழன்று உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. காயோ காம்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. பழகிய விரல் அந்தப் பிடிப்பை உணர்ந்த கணமே அதை விட்டுவிட்டு அடுத்த கனிக்குப் போய்விடுகிறது. கண் சிவப்பைப் பார்த்து முடிவு செய்வதற்கு முன்பே விரல் முடிவு செய்துவிடுவதுபோல எனக்குத் தோன்றியது.

அன்று மாலை அத்தகைய விரல்களை வேறொரு காரியத்தில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பறிப்புக்குப் போய்வந்த ஒருத்தி, பல மாதங்களாக இடுப்பு வலியோடு காலம் தள்ளுகிறவள், திண்ணையில் விரித்த பாயில் குப்புறப் படுத்திருக்க, ஒரு கிழவி இளஞ்சூடான விளக்கெண்ணெயைத் தன் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உடனே அழுத்தத் தொடங்கவில்லை. கையை இடுப்பின்மேல் வெறுமனே வைத்தபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வெகுநேரம் இருந்தாள். "மூச்சை அடக்காதே கண்ணு" என்று ஒரு முறை மட்டும் சொன்னாள். "வலிக்குமோன்னு பயமா இருக்கு ஆயா" என்றாள் படுத்திருந்தவள். அதற்கு அந்தக் கை ஒரு விடையும் சொல்லாமல் அப்படியே இருந்தது; அந்த முதுகின் ஏற்ற இறக்கம் மெல்ல மெல்ல நிதானப்பட்ட பிறகுதான் பெருவிரல் நகரத் தொடங்கியது. நல்ல வீணை வித்துவான் ஒருவர் தந்தியை மீட்டுவதற்கு முன் சுருதியில் லயித்து இருப்பாரே, அந்த மௌனம் அது.

இந்தக் கலைக்கு நம் சித்த வைத்தியம் தொக்கணம் என்று பெயர் வைத்திருக்கிறது. முப்பத்திரண்டு வகைப் புறமருத்துவங்களுள் ஒன்றாக அதை எண்ணி, அதையும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பதாகப் பிரித்துவைத்தார்கள். இந்த ஒன்பது பெயர்களையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறவருக்கு, ஒவ்வொன்றும் வினையின் பெயராகவே இருப்பது புலப்படும். எண்ணெய்க்கும் கருவிக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. வாதகேசரித் தைலமோ உளுந்துத் தைலமோ, நொச்சியும் தழுதாழையும் வதக்கிக் கட்டிய ஒற்றடமோ, எல்லாம் கைக்குத் துணையாக வருகின்றனவே தவிர, காரியத்தைக் கைதான் நடத்துகிறது.

ஆயினும் என்னை ஆட்கொண்டது தொக்கணத்தின் வகைப்பாடு அன்று. அதன் சகோதரமான வர்மக் கலையில் வழங்கும் ஒரு சொல். தென்கோடியில், குமரி மாவட்டத்து ஆசான்களின் மரபில், ஒரு வர்ம ஸ்தானத்தின்மீது விரல் செலுத்தும் விசையைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, முழு மாத்திரை என்று அளந்து சொல்வார்கள். மாத்திரை என்றால் நமக்கு இன்று வில்லைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் எழுத்தொலியின் கால அளவைச் சொல்லவந்த நம் இலக்கணிகள், கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் அல்லவா அதற்கு அளவாக வைத்தார்கள்? குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக் குறுக்கத்துக்குக் கால் என்று ஒலியை நிறுத்துப் பார்த்த அதே சொல்லால், தசையின்மேல் படும் விசையையும் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். மகரக் குறுக்கம் தேய்ந்து ஒலிப்பதைச் செவியால் அறிந்து அநுபவிக்கத் தெரிந்தவர் எவரோ, அவரே ஒரு நல்ல கையின் கால் மாத்திரைக்கும் அரை மாத்திரைக்கும் உள்ள பேதத்தையும் முதுகால் அறிந்து அநுபவிப்பார் என்பது என் திடமான எண்ணம்.

கடல்களுக்கு அப்பால் வேறொருவரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து ஜெஃப்ரி மெயிட்லண்ட் என்ற இயன்முறை மருத்துவர், முதுகெலும்பைக் கையாளும் முறையைப் பற்றி 1964-இல் வெளியிட்ட நூல் அந்தத் துறையில் புகழ்பெற்றது. அவர் வகுத்த முறையில் மூட்டை அசைக்கும் அளவுக்கு நான்கு படிகள் உண்டு: அசைவின் தொடக்கத்திலேயே நின்றுவிடும் சிறு அசைப்பு முதலாவது, வீச்சுப் பெரிதாக இருந்தும் தடையைத் தொடாமல் திரும்புவது இரண்டாவது, தடைவரை சென்று திரும்பும் பெரு வீச்சு மூன்றாவது, தடையின் விளிம்பிலேயே நின்று செய்யும் சிறு அசைப்பு நான்காவது. வலி முந்திநிற்கும் முதுகுக்கு முதல் இரண்டும், விறைப்பு முந்திநிற்கும் முதுகுக்குப் பின் இரண்டும் என்பது அவருடைய நியாயம். குமரி ஆசானும் அடிலெய்டு மருத்துவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க நியாயமில்லை. வர்மத்தின் தத்துவமும் இயன்முறையின் சாஸ்திரமும் வேறு வேறு. ஆனாலும் இருவர் கையும் ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறது.

இந்த அளவை ரசிக்கத் தெரியாதவர்கள்தாம் நெட்டி முறிகிற ஓசைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த ஓசை கேட்டதும் விலகிய எலும்பு ஸ்தானத்துக்குத் திரும்பிவிட்டதென்று நோயாளி பூரிக்கிறான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி தோன்றுவதால் எழும் ஓசை அது. எலும்பு எங்கும் போகவுமில்லை, வரவுமில்லை. கச்சேரியில் கைதட்டல் எப்படியோ, சிகிச்சையில் நெட்டி அப்படி. ஒரு பட்டணத்தில் அந்த ஓசையையே குறியாக வைத்திருந்த ஒருவரிடம் என் இடுப்பை நானும் ஒரு சமயம் ஒப்புக்கொடுத்து, பத்து நாட்கள் படுக்கையில் கிடந்தேன். அவர் கையில் பலம் இருந்தது, காது இல்லை.

வலி மூன்று மாதங்களைக் கடந்து நிலைத்துவிட்டால் அதை நாட்பட்டது என்கிறார்கள். இத்தகைய இடுப்பு வலிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, இன்ன எலும்பு, இன்ன தட்டு என்று சுட்டிக்காட்டக்கூடிய காரணம் கிடைப்பதில்லை. 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 62 கோடிப் பேர் இடுப்பு வலியோடு இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியோடும் நோயைப் பற்றிய போதனையோடும் கைச்சிகிச்சைக்கும் நீவுதலுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. இடுப்புப் பட்டையையும் கயிறு கட்டி இழுக்கும் முறையையும் வழக்கமாகக் கையாள வேண்டாமென்று ஒதுக்கியிருக்கிறது. கையால் கிடைக்கும் சுகம் மிதமானது என்பதையும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மிதமானது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்புக் குறையவில்லை. மாதக்கணக்கில் அஞ்சி அஞ்சி விறைத்துப்போன ஒரு முதுகுக்கு, அசைந்தாலும் ஆபத்தில்லை என்ற செய்தியைச் சொல்லால் சொன்னால் நம்பாது. விரலால் சொன்னால் சில சமயம் நம்புகிறது. அப்படி நம்பிய அந்தச் சிறு பொழுதுக்குள் அந்த உடம்பை எழுப்பி நடக்கவைத்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் மறுநாள் காலையில் பழைய விறைப்பே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தொடக்கூடாத முதுகும் உண்டு. கால் வலுவிழந்தாலும், சிறுநீர் கட்டுக்கு அடங்காமல் போனாலும், தொடையிடுக்கு மரத்தாலும், வலியோடு காய்ச்சலோ காரணமற்ற உடல் மெலிவோ சேர்ந்துவந்தாலும், எலும்பு தேய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்தாலும், நல்ல கை தன் வேலையைத் தொடங்காமல் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டிவிடும். காய் காம்பைப் பற்றிக்கொண்டிருக்கையில் விரல் விட்டுவிடுகிறதே, அந்த விவேகம்தான் இங்கேயும் வேண்டும்.

வாழவந்தித் திண்ணையில் அன்று எந்த ஓசையும் எழவில்லை. கிழவியின் பெருவிரல் நடுமுதுகின் இருபுறமும் வடம்போல ஓடும் தசைகளின் ஓரமாகவே இறங்கி, ஓரிடத்தில் தயங்கி, அங்கே சற்று அழுந்தி, அழுந்தியதைவிட நிதானமாக மேலெழுந்தது. அழுத்துவதைப் பலரும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அப்படிக் கையை எடுக்கத் தெரிந்தவர்களை நான் மிகச் சிலரையே பார்த்திருக்கிறேன். விரல் போன பின்னும் அது இருப்பதுபோலவே அந்தத் தசை சிறிது நேரம் தளர்ந்திருந்தது. பிறகு அவள் பாயின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, "எழுந்து ஒரு நடை நடந்துட்டு வா கண்ணு" என்றாள். படுத்திருந்தவள் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, எழுந்து, வாசலைத் தாண்டிக் காப்பிச் செடிகளுக்கு நடுவே இருட்டத் தொடங்கியிருந்த பாதையில் மெதுவாக நடந்து போனாள்.