ஆறு உருண்டைகள்

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்த உருண்டைகள் உங்களைப் பார்க்கும். அரண்மனை மூலை, கோயில் சுவர், கல்லறை... தங்க நிறக் கேடயத்தில் ஐந்து சிவப்பு, உச்சியில் ஒரு நீலம். மெடிச்சி குடும்பத்தின் குலச் சின்னம்!

மற்ற பிரபுக்கள் சிங்கம், கழுகு என்று மிருகக்காட்சிசாலையே நடத்தியபோது, இவர்களுக்கு மட்டும் ஏன் உருண்டை?

குடும்பத்துக்குப் பிடித்த கதை இது. சார்லமேன் சக்ரவர்த்தியின் வீரரான அவெரார்தோ என்ற முன்னோர் ஓர் அரக்கனோடு மோதினாராம். அவன் அடித்த அடியில் கேடயத்தில் விழுந்த பள்ளங்கள்தான் இவை. அப்படியென்றால் எண்ணிக்கை மாறக் கூடாதே? ஏழு, எட்டு என்றெல்லாம் இருந்துவிட்டுத்தான் ஆறில் வந்து நின்றது.

இன்னொரு கதை: மெடிச்சி என்றால் வைத்தியர்கள், ஆகவே இவை மாத்திரைகள். ஆனால், சரித்திரம் அறிந்த மெடிச்சிகள் நாடி பிடித்துப் பேர் வாங்கியவர்கள் அல்ல, வட்டி பிடித்து!

ஃப்ளாரன்ஸின் பணம் மாற்றுவோர் சங்கத்துக்கு ஒரு சின்னம் உண்டு. சிவப்புப் பின்னணியில் தங்கக் காசுகள். மெடிச்சிகள் அந்தச் சங்கத்து ஆட்கள். நிறங்களை இடம் மாற்றிப் பாருங்கள். புரிகிறதா? பி.காம். படித்தவனுக்கு எல்லாமே காசாகத்தான் தெரியும் என்பீர்கள். தெரியட்டும்.

1397-ல் ஜொவான்னி மெடிச்சி அங்கே பேங்க் தொடங்கினார். போப்பாண்டவரின் வரவு செலவே அவர்கள் கைக்கு வந்தது. அதே சர்ச்தான் வட்டி வாங்குவது பாவம் என்றும் சொன்னது. பணம் இருக்கிறது, பரம்பரை இல்லை. இந்த இடத்தில்தான் அரக்கன் தேவைப்படுகிறான்.

அந்த நீல உருண்டையை உற்றுப் பாருங்கள். உள்ளே மூன்று லில்லிப் பூக்கள். 1465-ல் பிரான்ஸ் மன்னர் பதினோராம் லூயி, தன் குலத்துப் பூவைப் போட்டுக்கொள்ள பியரோ மெடிச்சிக்கு அனுமதி தந்தார். காசின் மேல் ராஜமுத்திரை!

1478-ல் லொரென்சோ மெடிச்சியைக் கொல்ல வந்தவர்கள் 'மக்கள், விடுதலை' என்று கோஷம் போட்டார்கள். ஊர் 'பல்லே, பல்லே' என்று பதில் கோஷம் போட்டது. உருண்டை, உருண்டை என்று அர்த்தம். உருண்டைதான் ஜெயித்தது. 1494-ல் பேங்க் முடிந்துபோனது, சின்னம் முடியவில்லை. அதன் பிறகுதான் அந்த வீட்டிலிருந்து போப்புகளும் பிரான்ஸ் மகாராணிகளும் வந்தார்கள்.

குலச் சின்னம் பழசை ஞாபகப்படுத்தும் என்று நினைக்கிறோம். பல சமயம் அது பழசை மறக்கவைக்கத்தான் தொங்குகிறது. எதற்காக மறக்க வேண்டும்? புருனெல்லெஸ்கி சான் லொரென்சோ தேவாலயம் எழுப்பியதும், டொனாடெல்லோ சிலை வார்த்ததும் மெடிச்சி காசில்தான். அரக்கன் காலணா தரவில்லை.