விலக்கப்பட்டவனின் குரல்

இசையைக் கேளாமலே அதற்குத் தீர்ப்பு எழுதுவது எளிது. அத்தவற்றை நாமும் செய்ததுண்டு. 2009ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ கலைவிழாவில் சுவீடன் நாட்டு ‘ஓபெத்’ இசைக்குழு பாடியது. அடையாறு வட்டாரப் பங்கு ஒன்றில் அந்நாளில் நாம் துணைப் பங்குத்தந்தையாக இருந்தோம். பாடகர் குழுவில் கித்தார் வாசித்த இளைஞர் ஒருவர் அந்நிகழ்ச்சிக்குச் சென்றார். அடுத்த ஞாயிறு, ஓபெத்தின் பெயர் பொறித்த கறுப்புச் சட்டையுடன் திருப்பலிக்கு வந்தார். சிலர் முகம் சுளித்தனர். நாம் அவரைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினோம். அவர் மறுமொழி கூறவில்லை. பின்னர்க் கோவிலுக்கும் வரவில்லை.

அண்மையில் அவருடைய தாயார் பழைய குறுந்தகடு ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தார். “ஃபாதர், இதுல அப்படி என்னதான் இருக்குன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க” என்றார். அது ஓபெத் 1999இல் வெளியிட்ட ‘ஸ்டில் லைஃப்’. ஏழு பாடல்கள்; ஒரு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். அட்டையில் சிவப்பும் கறுப்பும் சூழக் கண்ணீர் வடிக்கும் ஒரு பெண். நமக்கு உடனே வியாகுல மாதாவின் நினைவே வந்தது.

இவ்வகை இசையைக் கிறிஸ்தவர்கள் ஐயத்துடன் நோக்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ‘பிளாக் மெட்டல்’ எனப்படும் இசையைச் சார்ந்த சிலர் 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் கோவில்களுக்குத் தீ வைத்தனர். பெர்கன் நகருக்கு அருகிலிருந்த ஃபான்டாஃப்ட் மரக்கோவில் 1992 ஜூன் 6 அன்று எரிந்து சாம்பலாயிற்று. அதை நாம் மறைத்துப் பேசலாகாது. ஓபெத் அக்கூட்டத்தைச் சேர்ந்த குழு அன்று. எனினும், அவ்விசையின் கருமையும் உறுமலும் அதன் தொடக்ககாலப் படைப்புகளில் படிந்துள்ளன. இன்னிசையை அது ஒருபோதும் கைவிடவில்லை என்பதே அதன் தனித்தன்மை.

தொகுப்பு முழுவதும் ஒரே கதை. ஊராரின் சமய நம்பிக்கையை ஏற்காததால் துரத்தப்பட்ட ஒருவன், மெலிண்டா என்னும் பெண்ணைத் தேடிப் பல ஆண்டுகளுக்குப்பின் ஊர் திரும்புகிறான். அவளோ வேறொரு வாக்குறுதிக்குக் கட்டுப்பட்டவள்; மனம் மட்டும் அவனிடம். பின்னர் அவள் கொலையுண்டு கிடக்கக் காண்கிறான்; வெறிகொண்டு பழிதீர்க்கிறான்; இறுதியில் தானும் கொல்லப்படுகிறான். சிலுவையின் பெயரால் கூடியவர்களே அவனுக்குத் தீர்ப்பளிக்கிறார்கள்.

இதன் நிறைகளை முதலில் சொல்வோம். மிக்கேல் ஒக்கர்ஃபெல்ட் என்னும் ஒரே பாடகர் இரு குரல்களில் பாடுகிறார். ஒன்று தொண்டையைக் கிழிக்கும் உறுமல்; மற்றொன்று தாலாட்டுக்கு நிகரான தெளிந்த குரல். இம்மாற்றம் வெறும் வித்தையன்று. உலகம் அவனைத் துரத்தும்போது உறுமலும், அவன் தன்னந்தனியே நினைக்கும்போது மென்குரலும் பெரிதும் மேலோங்குகின்றன. ‘பெனைட்டட்’ என்னும் பாடலில் மின் அதிர்வற்ற கித்தாரின் மென்மையே ஆட்சி செய்கிறது. உறுமல் அறவே இல்லை. ‘ஃபேஸ் ஆஃப் மெலிண்டா’வில் முரசின்மீது தூரிகை உரசும் ஒலியோடு தொடங்கும் அமைதி, சிறிது சிறிதாகக் கனத்துப் புயலாகிறது. காதலின் ஏக்கத்தை இத்துணைக் கண்ணியமாகச் சொல்லும் இசை அரிது.

குறைகளும் உள்ளன. முதற்பாடல் 11 நிமிடங்களைக் கடக்கிறது. சில இடங்களில் நல்ல இசைத்துண்டுகள் ஒன்றோடொன்று பிணையாமல் வெறுமனே அடுத்தடுத்து நிற்கின்றன. உறுமும் இடங்களில் பாடல் ஏட்டைக் கையில் வைத்திராவிடில் சொற்கள் விளங்கா. மெலிண்டாவுக்கென்று ஓர் உள்ளம் போதிய அளவு வரையப்படவில்லை. அவன் துயருறுவதற்காகவே அவள் சாகிறாள். அவள் இறந்ததும் துயரம் கணத்தில் கொலைவெறியாகிவிடுவதும் கதைக்கு எளிதான வழியே.

எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. இத்தொகுப்பில் சிலுவை நீதிபதிகளின் அடையாளம் மட்டுமே. அச்சிலுவையில் தொங்கியவரும் ஊரால் விலக்கப்பட்டவர் என்பதை இக்கதை காணவில்லை. இயேசு நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார் என்று எபிரேயர் திருமுகம் சொல்கிறது. துரத்தப்பட்டவன் நிற்கும் இடத்தில்தான் அவரும் நிற்கிறார். அதைக் கண்டிருந்தால் இப்படைப்பு இன்னும் ஆழம் பெற்றிருக்கும்.

ஆயினும், எங்கோ சுவீடனில் இருக்கும் கலைஞர் அதைக் காணவில்லை எனக் குறைகூறும் நாம், ஒரு ஞாயிறு காலை அதைக் கண்டோமா? ஒரு கறுப்புச் சட்டைக்காக ஓர் இளைஞரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது யார்?

இருளிலிருந்து எழும் ஓலம் நமக்கு அந்நியமன்று. திருப்பாடல் 88 ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை நீக்கிவிடவில்லை, இன்றும் செபிக்கிறது. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு அழுத முன்னோரின் பிள்ளைகள் நாம். அழுகையின் ஒலி மாறிவிட்டதாலேயே அது தீயோனின் ஒலி ஆகிவிடாது. இத்தொகுப்பைப் பக்திக்காகப் பரிந்துரைக்க மாட்டோம். சிறுவர் கையில் கொடுக்கவும் மாட்டோம். ஆனால், உங்கள் வீட்டு இளையோர் இதைக் கேட்பாராயின், கதவைச் சாத்துமுன் அருகில் அமர்ந்து ஒரு பாடலையேனும் கேளுங்கள். எது பிடித்தது என்று வினவுங்கள்.

குறுந்தகட்டைத் தாயாரிடம் திருப்பிக் கொடுத்தோம். “அம்மா, முழுவதும் கேட்டோம். அவரை அன்று நிறுத்தியது எங்கள் தவறு என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள். மெலிண்டா பாட்டைக் கித்தாரில் வாசிப்பாரா என்றும் கேளுங்கள்” என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.