சொல்லப்பட்ட வலியும் நம்பப்படாத சான்றும்: ஹிலரி மேண்டலின் தன்வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மாதவிடாயை ஒட்டி எழும், காரணம் புலப்படாத வயிற்றுவலிக்கு விடை தேடிய அனுபவம், ஆங்கில நாவலாசிரியர் ஹிலரி மேண்டலின் (1952–2022) 'கிவிங் அப் த கோஸ்ட்' (2003) என்னும் தன்வரலாற்று நூலில் விரிவாகப் பதிவாகியுள்ளது. வலியை உரைக்க மொழி போதாது என்னும் கருத்தினின்றும் விலகி, வலியுற்றவரின் சொல் நம்பப்படாமையையே இந்நூல் மையச் சிக்கலாக்குகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அந்நம்பிக்கையை நடைத்திறனால் ஈட்டும் நூலின் போக்கு எழுப்பும் வினாவும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, மாதவிடாய் வலி, எண்டோமெட்ரியோசிஸ், சான்றுரை அநீதி, ஹிலரி மேண்டல்

முன்னுரை

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சூலகம், குடல், சிறுநீர்ப்பை முதலிய இடங்களில் வளர்வதை எண்டோமெட்ரியோசிஸ் என்பர். மாதவிடாயை ஒட்டிய கடும் வயிற்றுவலி இதன் முதன்மை அறிகுறிகளுள் ஒன்று. கருவுறும் வயதினரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது 19 கோடிப் பேர், இந்நோய்க்கு ஆட்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களிலேயே இந்நோயை விரிவாக ஆராய்ந்து எழுதியிருந்தார். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், 1970களின் இங்கிலாந்தில், மேண்டலுக்கு அவருடைய நோயின் பெயரை மருத்துவர் எவரும் சொல்லவில்லை. அறிவு நூலில் இருந்தும் நோயாளியை வந்தடையாத இந்த இடைவெளியே அவரது தன்வரலாற்றின் களமாகிறது.

மொழியின் போதாமையா?

நோய் பற்றிய இலக்கிய விவாதங்களில் இரு கருத்துகள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. பெருந்துயர்களைப் பாடும் ஆங்கிலத்தில் தலைவலியை விவரிக்கச் சொல்லில்லை என்றார் வர்ஜீனியா வுல்ஃப் (1926). வலி மொழிக்கு அடங்காதது மட்டுமன்று, மொழியையே அழிப்பது என்றார் இலேன் ஸ்கேரி (1985). மேண்டல் 2010இல் லண்டன் ரிவியூ ஆஃப் புக்ஸ் இதழில் எழுதிய மருத்துவமனைக் கட்டுரையில் வுல்ஃபின் கூற்றை நேரடியாக மறுத்தார். வலிக்குரிய சொற்கள் ஏராளமாக உள்ளன என்பது அவர் வாதம்.

தமிழை நோக்கினும் இம்மறுப்பு வலுப்பெறுகிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, சூலை என வலியின் வகைகளை நுட்பமாகப் பிரிக்கும் சொற்கள் இங்கு வழக்கில் உள்ளன. ஆனால் மாதவிடாயைச் சுட்டும் வழக்குகளான தூரம், தீட்டு, விலக்கு ஆகியவை விலகலையும் தூய்மையின்மையையுமே பேசுகின்றன; வலி அவற்றில் இடம்பெறவில்லை. சொல்வளம் இருப்பது வேறு. அச்சொல்லை எங்கே, யாரிடம் சொல்ல இயலும் என்பது வேறு. மேண்டலின் நூல் இரண்டாவது வினாவையே எழுப்புகிறது.

அறிகுறியே எதிர்ச்சான்றாதல்

சட்ட மாணவியாக இருந்த மேண்டல் உடல் வலிகளுடன் மருத்துவரை நாடுகிறார். அவருக்கு மனச்சோர்வு மருந்து தரப்படுகிறது. அடுத்து மனநல மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார். மிகையான இலட்சிய வேட்கையே நோய்க்குக் காரணம் என அங்கு விளக்கம் கிடைக்கிறது. தாம் கதை எழுதுவதை அவர் சொன்னபோது, எழுதக் கூடாது என்று அறிவுறுத்தப்படுகிறார். பின்னர்த் தரப்பட்ட மனநோய் மருந்தொன்றின் பக்கவிளைவாக இருப்புக்கொள்ளாத பதற்றம் உண்டாகிறது. அதுவும் மனநோயின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது.

இப்பகுதியின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. நோயாளி முன்வைக்கும் ஒவ்வொரு சான்றும் அவருக்கு எதிரான சான்றாகத் திரும்புகிறது. வலி என்றால் கற்பனை, மறுத்தால் பிடிவாதம், பதறினால் பித்து. மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வகுத்துரைத்த 'சான்றுரை அநீதி' என்னும் கருத்தாக்கம் இங்குப் பொருந்துகிறது. பேசுபவரின் சமூக அடையாளம் பற்றிய முன்முடிவால் அவர் சொல்லின் நம்பகம் குறைத்து மதிப்பிடப்படுவதை அது குறிக்கும். எண்டோமெட்ரியோசிஸ் 'பணிபுரியும் பெண்களின் நோய்' என அக்காலத்தில் வழங்கப்பட்டதும் இம்முன்முடிவின் நீட்சியே. இலட்சிய வேட்கை என்னும் குற்றச்சாட்டு, நோய் அறியப்படாத நிலையில் அதை மறைக்கவும், அறியப்பட்ட பின் பெண்ணின் மீதே பழிசுமத்தவும் பயன்பட்டுள்ளது.

வாசிப்பால் கிடைத்த விடை

புவியியலாளரான கணவருடன் 1977இல் போட்ஸ்வானா சென்ற மேண்டல், மருத்துவப் பாடநூலொன்றை வாசித்துத் தம் நோயைத் தாமே கண்டறிகிறார். இலண்டனில் அது உறுதிசெய்யப்படுகிறது. 27 வயதில் நிகழ்ந்த அறுவை சிகிச்சையில் கருப்பையையும் சூலகங்களையும் குடலின் ஒரு பகுதியையும் இழக்கிறார். அதன் பின்னும் நோய் முற்றாக நீங்கவில்லை.

அக்காலத்தில் அவர் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நாவலுக்காக ஆவணங்களை வாசித்துக்கொண்டிருந்தார். 'எ ப்ளேஸ் ஆஃப் கிரேட்டர் சேஃப்டி' எனும் அந்நாவல் 1992இல்தான் வெளிவந்தது. ஆவணங்களை ஒப்பிட்டு உண்மை தேடும் வரலாற்று நாவலாசிரியரின் முறையே அவர் தம் உடலை வாசித்த முறையும் ஆகும். எனவே நோய்தான் அவரை எழுத்தாளராக்கியது என்னும் எளிய விளக்கம் ஏற்கத்தக்கதன்று. எழுத்தை விலக்கச் சொன்ன மருத்துவம் காணத் தவறியதை, எழுத்தாளருக்குரிய வாசிப்புப் பழக்கமே கண்டுகொண்டது.

விடை இழப்பை ஈடுசெய்யவில்லை என்பதையும் நூல் மறைப்பதில்லை. பிறக்க வாய்ப்பற்றுப்போன மகளுக்குக் கேட்ரியோனா என்று பெயர் உண்டு. தலைப்பிலுள்ள ஆவி, இறந்தோரை மட்டுமன்றி நிகழாமற்போன வாழ்வுகளையும் சுட்டுகிறது.

நடையும் நம்பகமும்

மேண்டலின் நடை கட்டுப்பாடு மிக்கது, எள்ளல் கலந்தது, தன்னிரக்கம் அற்றது. வாசகர் அவரை ஐயமின்றி நம்புகிறார். நூலின் வெற்றியாகிய இதுவே அதன் சிக்கலும் ஆகும். தெளிவாகவும் நகைச்சுவையுடனும் பேசுவதால் ஒருவர் நம்பப்படுகிறார் எனில், திக்கித் திணறிப் பேசுபவரின் வலி எவ்வாறு நம்பப்படும்? மருத்துவரின் அறையில் மறுக்கப்பட்ட நம்பகத்தை மேண்டல் வாசகரின் மன்றத்தில் வென்றெடுக்கிறார். ஆனால் சீராகப் பேசுபவரே நம்பத்தக்கவர் என்னும் விதி அங்கும் தளரவில்லை. ஆங்கில மருத்துவப் பாடநூலைத் தேடிப் படிக்க இயன்ற கல்வியும் எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதன்று. தனியொருவரின் கூர்மதியால் கிடைத்த விடையைப் பொதுவான தீர்வாகக் கொள்வதற்கில்லை.

முடிவுரை

மாதவிடாய் சார்ந்த வலியை எழுதுவதில் உள்ள தடை மொழியின் வறுமையினும் கேட்போரின் ஐயத்திலேயே மிகுதியாக வேரூன்றியுள்ளது என்பதை 'கிவிங் அப் த கோஸ்ட்' வலுவாக உணர்த்துகிறது. சிறந்த நடையே நம்பிக்கையின் விலையாகும் நிலையை அந்நூல் கடக்கவில்லை. பெண்களின் தன்வரலாறுகளையும் வாய்மொழிப் பதிவுகளையும் ஆராய்வோர்க்கு இவ்வரம்பு ஒரு பொறுப்பை முன்வைக்கிறது. தடுமாறும் கூற்றையும், கோவையற்ற நினைவையும், திரும்பத் திரும்ப வரும் ஒரே முறையீட்டையும் குறைபாடாகக் கருதி ஒதுக்காமல் சான்றாகவே வாசிக்கும் திறனாய்வு முறை வளர்தல் வேண்டும். அதுவரை, மருத்துவர் அறையில் நிகழ்ந்த தவறு திறனாய்விலும் தொடரும்.